நாக்கு சொன்னால் சரி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை நாற்பத்திரண்டு கோப்பை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டி, தொட்டியில் துப்பிவிட்டுத் தரம் சொல்ல வேண்டும். பதினேழு வருடமாக எனக்குத் தேயிலை ருசி பார்க்கிற வேலை. இன்று நாற்பத்திரண்டிலும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சுடுகிறது.

டிசம்பரில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. வாசனை துளியும் இல்லை. மூக்கு டாக்டர் "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல அந்த மனுஷன் பத்து வருடம் படித்திருக்கிறார்.

அப்படியானால் பிழைப்பு எப்படி ஓடுகிறது? பக்கத்து மேசைக்காரரின் புருவத்தில் ஓடுகிறது. எனக்கு முந்தி அவர் சுவைப்பார். சரக்கு மோசம் என்றால் இடது புருவம் ஏறும். அருமை என்றால் கீழுதட்டை உள்ளே இழுப்பார். சுமார் என்றால் முகத்தில் ஒன்றுமே நடக்காது. இரண்டு மாதமாக அதைப் பார்த்துத்தான் தரம் எழுதுகிறேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

இன்று அவர் மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டார். புருவமும் அவரோடு போகிறது.

அதோடு 27-ம் தேதி வருடாந்திரத் தேர்வு. ஆளுக்கொரு தனி அறை, நம்பர் மட்டும் ஒட்டிய கோப்பைகள். அங்கே யார் முகத்தைப் பார்ப்பேன்? வீட்டிலும் சொல்லவில்லை. போன வாரம் பால் அடிப்பிடித்து என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஓடி வந்தார், நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சளி என்றேன். எனக்கு இரண்டு மாதமாகச் சளி.

பிப்ரவரி 5, வியாழன்

லீவு கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் கூட்டத்தோடு தீவுக்குப் போகிறேன். புருவம் இல்லாத மேசையில் உட்காருவதைவிட அது மேல்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். விமானம், அப்புறம் படகு, அப்புறம் கதவில்லாத வேன். நாலு பேருக்கும் நாற்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடம் முன்னால் ஒரே ஹாஸ்டல் அறையில் கிடந்தவர்கள்.

வக்கீலுக்குப் பேர் சட்டம். பயண அட்டவணையை பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். "10.40–10.55: கடலை ரசித்தல்." பதினைந்து நிமிடத்துக்கு மேல் ரசித்தால் வாய்தா கேட்க வேண்டும்போல.

மருந்துக்கடைக்காரி மூட்டை. ஆறு நாளுக்கு இரண்டு பெரிய பெட்டி. அதில் ஒன்று முழுக்க மாத்திரை. தேள் கடிக்குக்கூட வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூட நூலகத்தில் இருப்பவள் ஆமை. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி, ஒரு சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருப்போம். அவள் அப்போதுதான் இரண்டாவது வாய் எடுப்பாள். பேசுவதும் அதே வேகம்தான்.

நான் நாக்கு. முதல் வருடம் மெஸ் பாலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பதை ஒரே வாயில் கண்டுபிடித்து முந்நூறு பேரைக் காப்பாற்றியவள். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: எங்கே போனாலும், என்ன வந்தாலும், நான் ஒரு வாய் வைத்துச் சொன்ன பிறகுதான் மற்ற மூன்று பேரும் கை வைப்பார்கள். கல்யாண வீட்டில்கூட இப்படித்தான். என் கல்யாணத்தில் மணமேடையிலிருந்து என்னை இறக்கிப் பந்திக்குக் கூட்டிப் போனார்கள்.

சட்டம் வந்ததும் அறிவித்தாள்: இந்தப் பயணம் முழுக்கச் சாப்பாட்டுக்காக. ஆறு நாளில் பதினெட்டு இடம். நான் சொல்வதை அவள் குறித்துக்கொண்டு போனில் விமர்சனமாகப் போடுவாளாம். தப்பிக்க வந்த இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். சொல்லிவிடலாமா? நாக்கு போன பிறகு இந்தக் கூட்டத்தில் எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

பிப்ரவரி 9, திங்கள்

சாப்பாட்டு மேசையில் மூன்று ஜோடிக் கண் என் வாயையே பார்த்தால், எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

காலைக் காபி. "பிரமாதம்" என்றேன். இரண்டு கப் குடித்துக் காட்டினேன். ஆமை மட்டும் தன் கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தினாள். மற்ற இரண்டு பேரின் காபியையும் அவளே எடுத்துப்போய், பால் இல்லாமல் வேறு வாங்கி வந்தாள். பாலில்லாத காபிதான் உடம்புக்கு நல்லதாம். நூலகத்தில் ஏதாவது படித்திருப்பாள்.

மதியம் நண்டு சூப். "முதல்ல கடல் வருது, அப்புறம் லேசா ஈரமண்" என்றேன். சட்டம் கண்ணை மூடி இரண்டு நிமிடம் யோசித்தாள். "ஆமாடி, மண்ணு. தொண்டைகிட்ட." மூட்டைக்கும் மண் வந்துவிட்டது. எனக்கு வந்தது உப்பும் சூடும் மட்டும்தான்.

சாயங்காலம் ஒரு மஞ்சள் பழம், பெயர் வாயில் நுழையவில்லை. எவ்வளவு தூரம் போகிறார்கள் பார்ப்போமே என்று, "பழைய புத்தகத்தைத் திறந்தா ஒரு வாசனை வருமே, அது" என்றேன். மூட்டைக்குப் புல்லரித்துவிட்டது. சின்ன வயதில் தாத்தா அலமாரியைத் திறந்த ஞாபகம் வருகிறதாம், கண் கலங்கினாள். தினம் பழைய புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிற ஆமை கொட்டையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

சட்டம் போட்ட விமர்சனத்துக்கு மாலைக்குள் நூற்றுப்பத்து பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். வெட்கமாக இல்லையா என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஜாலியாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

உயிர் போய் உயிர் வந்தது. அட்டவணைப்படி இன்று வாசனைத் தோட்டம். ஏலம், கிராம்பு, பட்டை, பெயர் தெரியாத புல், எல்லாம் மரமும் செடியுமாக நிற்கின்றன. சுற்றிக்காட்டுகிறவர் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார். கண்ணைக் கட்டி, இலையைக் கசக்கி மூக்கில் வைத்து, என்னவென்று கேட்பார். சட்டம் என்னை முன்னால் தள்ளினாள். "இவ தொழிலே இதுதான். ரொம்பக் கஷ்டமானதாக் குடுங்க."

கண்ணைக் கட்டியாயிற்று. அவர் வைக்கிறார், எடுக்கிறார். காற்று மட்டும் வந்து போகிறது. கூட்டம் சேர்ந்துவிட்டது, வேறு பயணிகளும் நிற்கிறார்கள். எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

அப்போது என் பின்னால் ஆமைக்கு இருமல். இருமினாள், இருமினாள், ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே போகலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். வேனில் ஏறியதும் அவள் இருமல் நின்றுவிட்டது.

என்ன நேரத்தில் வந்த இருமலோ, அதுக்கு ஒரு மாலை போடலாம். சட்டம்தான் ஆமையைத் திட்டித் தீர்த்தாள். அட்டவணையில் இருபது நிமிடம் வீணாம்.

பிப்ரவரி 11, புதன்

கலங்கரை விளக்கம், நூற்றுத் தொண்ணூறு படி. மேலே போனால் நாலு பக்கமும் கடல். தீவென்றால் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்க்க நூற்றுத் தொண்ணூறு படி. அப்புறம் கண்ணாடித் தரை போட்ட படகு. மூட்டை தலையைக் குனிந்து மீனைப் பார்த்தாள், மீன்கள் அவள் தொப்பியைப் பார்த்துவிட்டு ஓடின.

படகுத்துறையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் பழச்சாறு விற்கிறாள். மூன்று நாளில் எங்களுக்குப் பழகிவிட்டாள். பெரிய அன்னாசியாகப் பார்த்து எனக்கென்று எடுத்து வைக்கிறாள். குடித்தால் என்னவென்று சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பல் கூசுகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். வெயில் தாகத்தில் மற்ற மூன்று பேரும் நான் சொல்லக் காத்திராமல் தினம் குடிக்கிறார்கள்.

பிப்ரவரி 12, வியாழன், மாலை நாலு

வடக்குக் கரையில் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்த மீன்கடை. சட்டத்தின் பட்டியலில் இதற்கு மூன்று நட்சத்திரக் குறி. கடைக்காரர் மீனை இலையில் சுற்றிக் கரியில் போட்டுத் தந்தார். பெரிய மீன், நாலு பேருக்கு ஒன்று.

வழக்கம்போல மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு விள்ளல் வாயில் வைத்தேன். லேசான புளிப்பு, நாக்கு நுனியில் ஒரு சுறுசுறுப்பு. நிமிர்ந்தால் எதிரே ஆமை. இலையைப் பிரித்த ஆவி அவள் பக்கம் அடித்தது, அவள் மூக்குச் சுருங்கியது. ஒரு நொடிதான். வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

"பிரமாதம். முதல்ல புகை, பின்னாடி ஒரு எலுமிச்சை" என்றேன். சட்டம் குறித்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நம் ஆமைக்கு எங்கிருந்து அந்தப் பசி வந்ததோ, மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பிடித்தாள் ஒரு பிடி. மூட்டையின் தட்டிலிருந்தும் எடுத்தாள். சட்டம் இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டினால், மீனை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பாதி மீனுக்கு மேல் அவள்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எங்களுக்கு முன்னால் சாப்பிட்டு முடித்து நான் பார்த்ததில்லை. வயதானால் வெட்கம் போய்விடும்போல. எல்லோரும் சேர்ந்து கிண்டல் செய்தோம். நான்தான் அதிகம்.

இப்போது படுத்திருக்கிறாள். வயிறு ஒரு மாதிரி இருக்கிறதாம். இருக்காதா பின்னே?

பிப்ரவரி 13, வெள்ளி

ஆஸ்பத்திரி. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கே மூன்று பேருக்கும் ஆரம்பித்துவிட்டது. மூட்டையின் பெட்டியில் தேள் கடிக்கு இருக்கிறது, கடல் மயக்கத்துக்கு இருக்கிறது, வாந்திக்கு இல்லை. சட்டமும் மூட்டையும் ஒரு ஊசியோடு தேறிவிட்டார்கள். ஆமை தேறவில்லை. உதடு காய்ந்து, கண் உள்ளே போய், கூப்பிட்டால் பதில் இல்லை. சிறுநீரகம் தாங்குமா என்று நாளைக்குத்தான் சொல்ல முடியுமாம். இரண்டு கையிலும் குழாய்.

எனக்கு ஒன்றுமில்லை. ஒரு விள்ளல்தானே தின்றேன். ருசியே தெரியாதவள் எதற்குத் தின்ன வேண்டும்.

வெயில் இல்லை. அங்கே ஓலை போட்டிருந்தது, நிழல். அவ மூக்கு சுருங்கினதை நான் பார்த்தேன். ரெண்டு மாசமா அடுத்தவன் முகத்தைப் பார்த்தே சோறு தின்னவ நான், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பிரமாதம்னு சொன்னேன். எலுமிச்சையாம் எலுமிச்சை.

பிப்ரவரி 14, சனி

காலையில் டாக்டர் சிரித்த முகமாக வந்தார். சிறுநீரகம் தப்பித்தது. ஆமை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் வராந்தாவில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வந்தால், சட்டம் ஆமையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புகார் எழுதி முடித்திருக்கிறாள். இரண்டு பக்கம், சுகாதார அலுவலகத்துக்கு. வாங்கிப் படித்தேன். குற்றவாளி பழச்சாறு விற்கிற பெண். கடையை மூட வேண்டும், வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும். கடைசியில் நிபுணர் சாட்சி என்று நான். பதினேழு வருட அனுபவம், கையெழுத்துப் போடக் கோடு.

மீன் இருக்கும்போது பழச்சாறு எப்படி என்று கேட்டேன். அவள் விளக்கினாள், கோர்ட்டில் விளக்குகிற மாதிரி. இந்தத் தீவில் நாங்கள் சாப்பிட்ட எல்லாவற்றையும் நான் ருசி பார்த்திருக்கிறேன். மீனையும் பார்த்தேன், பிரமாதம் என்றேன். நான் வாய் வைக்காதது பழச்சாறு ஒன்றுதான். எனக்கு உடம்புக்கு வரவில்லை, மற்ற மூவருக்கும் வந்தது. "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. வாதத்தில் ஓட்டையே இல்லை, நான் மட்டும்தான் ஓட்டை. பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டால் நான் நாக்காகவே ஊர் திரும்பலாம். அந்தப் பெண் எடுத்து வைத்த அன்னாசி வண்டியோடு போகும்.

"மீன்தான் கெட்டுப் போயிருந்துது" என்றேன். "எனக்கு வாசனை தெரியாது. டிசம்பர்லேருந்து தெரியாது. இங்க வந்து நான் சொன்னது அத்தனையும் கட்டுக்கதை."

முதலில் வாய் திறந்தது மூட்டை. "அப்ப அந்தப் பழைய புத்தகம்?"

"அதுவும்தான்."

"எனக்கு வந்துதேடி" என்றாள், நகையைத் தொலைத்தவள் மாதிரி.

சட்டம் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் வயிற்றுக்காக மட்டும் இல்லை. பதினொரு விமர்சனம், ஆயிரம் பேருக்கு மேல் படித்திருக்கிறார்கள், அவள் பெயரில். முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். அதற்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது.

கட்டிலிலிருந்து ஆமை சொன்னாள், வழக்கமான வேகத்தில். "எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். காபில பால் கெட்ட வாடை அடிச்சுது. நீ பிரமாதம்னு ரெண்டு கப் குடிச்சே."

அப்படியானால் அந்த இருமல்? கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறு இருந்தது.

"மீன் கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சும் ஏன்டி தின்னே?"

"வேணாம்னு நான் சொன்னா எல்லார் முன்னாடியும் நீ மாட்டிக்குவே. நீயே சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல. சரி, நான் கொஞ்சம் அதிகமாச் சாப்பிட்டா இவங்களுக்குக் கொஞ்சம் குறையும்னு..." மூச்சு வாங்கியது. "சின்ன மீன்னு நினைச்சேன்."

அடி பைத்தியமே. செத்துப் போயிருப்பியே. என் கௌரவத்துக்கு உன் சிறுநீரகமா விலை? அவ தின்னதைப் பாத்து நான் சிரிச்சேன், வெட்கம் கெட்டவன்னு இதே நோட்டுல எழுதினேன். அந்த வரியை அடிக்கலாம்னு பேனாவை எடுத்தேன். அடிக்கல, இருக்கட்டும்.

புகாரை சட்டம் மாற்றி எழுதினாள். குற்றவாளி மீன்கடைக்காரர். நிபுணர் சாட்சி என்ற பத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு, அழுத்தமாக.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று கிளம்ப வேண்டியது. பயணத்தை மூன்று நாள் தள்ளிப்போட்டோம். படகுத்துறைக்குப் போய்ப் பழச்சாறு குடித்தேன். இனிப்பு, புளிப்பு, பல்லும் நிஜமாகவே கூசியது. எப்படி இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியவில்லை என்றேன். மூளைக் கோளாறு என்று நினைத்திருப்பாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சட்டம் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆமைக்குக் கஞ்சி வந்தால் மட்டும், என்னைக் காட்டி நர்ஸிடம் "அவகிட்டக் காட்டாதீங்க" என்கிறாள், என் காதுபட.

பிப்ரவரி 23, திங்கள்

தேர்வுக்கு நாலு நாள் முன்னதாக மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முதலில் கேட்டது: "ரெண்டு மாசமா ஒரு தப்புகூட இல்லையே, எப்படி?" புருவத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. கண்பார்வை என்றேன். பொய்யும் இல்லை.

ருசி மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி இலையின் நிறமும் அளவும் பார்த்துப் பிரிக்கிற மேசை. ஜன்னல் ஓரம், நல்ல வெளிச்சம். பழைய இடத்தில் என் கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்தேன். பதினேழு வருடம்.

பக்கத்து மேசைக்காரர் லீவு முடிந்து வந்திருந்தார். பேரன் பிறந்திருக்கிறானாம். விஷயம் கேட்டதும் இடது புருவம் ஏறியது, ஏறிய இடத்திலேயே ரொம்ப நேரம் நின்றது.

வீட்டிலும் சொன்னேன். "அதான் பால் தீஞ்சப்ப..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மனுஷருக்கும் முகம் படிக்கத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஆமை வீட்டில் சாப்பாடு. பிழைத்து வந்ததற்காக அவளே சமைத்தாளாம். சட்டம் வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வந்தாள், எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள், விசிறியைப் பற்றிக் குறை சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள்.

ஆமை ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஊற்றிக்கொண்டோம். அப்புறம் நாலு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பழக்கம். மூன்று ஜோடிக் கண் என் பக்கம் திரும்பி, ஞாபகம் வந்து, அவசரமாக வேறெங்கோ போயிற்று. மூட்டை மேசை விரிப்பை நீவினாள்.

நான் கரண்டியை எடுத்து ஒரு வாய் வைத்தேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"உப்பு கம்மி."

சட்டம் குடித்துப் பார்த்தாள். "கம்மியெல்லாம் இல்ல. மிளகுதான் தூக்கலா இருக்கு." மூட்டை குடித்துவிட்டு, மிளகே போடவில்லைபோல இருக்கிறதே என்றாள். ஆமை நாலு தடவை மெதுவாகச் சப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் மூன்று பேருக்கும்தான் வாய் சரியில்லை என்றாள்.

சண்டை பிடித்துக்கொண்டது. சூப் ஆறும்வரை நடந்தது. நான் உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.